‘வராவிட்டால் ராஜினாமா செய்ததாகக் கருதப்படும்’

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 33. தன் பெயரும் கம்பெனியின் பெயரும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். அவற்றை விட்டுவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2018 ஜூனில் கோவையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு கிளைம்களைச் சரிபார்க்கும் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது லேப்டாப்போடு மலையேறியவர், அன்றிலிருந்து ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கும் வீட்டில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறார். 2022-ல் கம்பெனியே ‘மறு அறிவிப்பு வரும்வரை உங்கள் பணியிடம்: வீடு, கோத்தகிரி’ என்று மெயில் அனுப்பியது. அதை நம்பி ஓர் அறை எடுத்துக் கட்டினார், இன்வெர்ட்டர் வாங்கினார், மகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தார். கணவருக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. ஒன்றரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது, ஆனால் பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலையில் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. மாமியாருக்குக் குன்னூரில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வீட்டுக்கு நிலையாக வரும் பெரிய வருமானம் இவருடைய 52,000 ரூபாய்தான்.

போன மாதம் ஒரு மெயில் வந்தது. கோவை ஆபீஸை மூடுகிறோம், அதன் கணக்கில் இருக்கும் 41 பேரும் ஏப்ரல் 1 முதல் ஹைதராபாத் ஆபீஸில் சேர வேண்டும், வராதவர்கள் தாமாக ராஜினாமா செய்ததாகக் கருதப்படுவார்கள் என்று. கம்பெனி போர்ட்டலில் இரண்டே பொத்தான்: ‘சம்மதம்’, ‘சம்மதமில்லை’. இரண்டாவதை அழுத்தினால் ராஜினாமா படிவம் திறக்கிறது. ஹெச்.ஆர். போனில் சொன்னது இது: “இப்போதே ராஜினாமா கொடுங்கள், எல்லாம் சேர்த்து 1,72,000 வரும், ரிலீவிங் லெட்டரும் சுத்தமாக இருக்கும். இழுத்தடித்தால் ரெக்கார்டு கெட்டுவிடும்.” இதற்கிடையில் மூன்று மாதமாக ஹைதராபாத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு இவர்தான் தன் வேலையைக் கற்றுக்கொடுத்து வருகிறார்.

“ஆறு வருடம் வீட்டிலிருந்து செய்தது என் உரிமையாகிவிடாதா? ஐ.டி.காரர்களுக்குத் தொழிலாளர் சட்டமே கிடையாது என்கிறார்களே? பேசாமல் ராஜினாமா கொடுத்துவிட்டால் நிம்மதியா?” இவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, மற்றதெல்லாம் பிறகு. முதலில், போர்ட்டலில் எந்தப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். பதில் சொல்லாமல் இருங்கள் என்று சொல்லவில்லை, பதிலை மெயிலில் சொல்லுங்கள். என்ன எழுதுவது என்று கீழே சொல்கிறேன்.

கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது

உங்கள் வேலை சரியில்லை என்பதால் இது நடக்கவில்லை. கடிதத்தில் இரண்டு இடத்தில் ‘நான் என்ன தப்பு செய்தேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். ஆபீஸை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் மேசையில் உங்கள் பெயர் இருக்காது. வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, ஒரு நாற்காலிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது, வாடிக்கையாளர் தன் நோயாளிகளின் விவரங்கள் பூட்டிய அறைக்குள்தான் இருக்க வேண்டும் என்கிறாரா, மேலாளர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதெல்லாம்தான் அங்கே பேச்சு. ஊரடங்குக்குப் பிறகு, ஆள் இருக்கும் ஊருக்கு ஆபீஸ் போகட்டும் என்று சின்ன நகரங்களில் கிளை திறந்தவர்கள், இப்போது ஆபீஸ் இருக்கும் ஊருக்கு ஆள் வரட்டும் என்று திருப்பிப் போடுகிறார்கள்.

வெளியே சொல்லாத ஒரு கணக்கும் உண்டு. 41 பேரைக் கூப்பிட்டால் 41 பேரும் வரப்போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் ஆட்குறைப்பு என்ற பேரும் வராது, இழப்பீடும் கொடுக்க வேண்டாம். எல்லாக் கம்பெனியும் இந்த எண்ணத்தோடுதான் செய்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ‘சம்மதமில்லை’ என்ற பொத்தானுக்குப் பின்னால் ராஜினாமா படிவத்தை ஒட்டிவைப்பவர்கள் தற்செயலாக அப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நம் மலைக்கு இது புதிய கதையும் இல்லை. தூசு இல்லாத குளிர்ந்த காற்று வேண்டும் என்றுதான் 1960-களில் எச்.பி.எஃப். (ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) ஃபிலிம் ஃபேக்டரியை ஊட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். உலகம் டிஜிட்டலுக்கு மாறியதும் அந்தக் காற்றுக்கு மதிப்பில்லாமல் போயிற்று. கடைசிவரை இருந்தவர்கள் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவர்கள் கையில் ‘விருப்ப ஓய்வு’ என்ற தாளாவது இருந்தது, அதற்கொரு தொகையும் இருந்தது. உங்களிடம் கேட்பது வெறும் ராஜினாமா.

வீட்டிலிருந்து வேலை செய்வது உரிமையா

இல்லை. கசப்பாக இருந்தாலும் இதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்ற இடங்களில் உறுதியாக நிற்க முடியும். 2020 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை விதிகளைத் தளர்த்தியதால்தான் உங்களுடையதைப் போன்ற கம்பெனிகள் ஆட்களைத் தங்குதடையின்றி வீட்டிலிருந்து வேலை வாங்க முடிந்தது. அது கம்பெனிக்குக் கிடைத்த அனுமதி, ஊழியருக்குக் கிடைத்த உரிமை அல்ல. 2022 மெயிலிலும் ‘மறு அறிவிப்பு வரும்வரை’ என்ற மூன்று சொற்கள் இருக்கின்றன. ‘அந்த மறு அறிவிப்புதான் இது’ என்று அவர்களுடைய வக்கீல் சொல்வார்.

அடுத்தது இடமாற்ற நிபந்தனை. உங்கள் நியமன உத்தரவில் ‘இந்தியாவில் இப்போது உள்ள, அல்லது இனி அமையும் எந்த அலுவலகத்துக்கும் மாற்றலாம்’ என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வரி இல்லாதிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். குந்தன் சர்க்கரை ஆலை வழக்கில் 1960-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: வேலையில் சேரும்போது இல்லாத, முதலாளி பிறகு வாங்கிய வேறோர் ஆலைக்கு, ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லாதபோது தொழிலாளியை மாற்ற முடியாது. போக மறுத்ததற்காக நான்கு பேரை நீக்கியது செல்லாது என்று தீர்ப்பானது. இன்றைய நியமன உத்தரவுகளில் ‘இனி அமையும்’ என்ற சொல் தவறாமல் இருப்பதைப் பார்க்கும்போது, அந்தத் தீர்ப்பைப் படித்த யாரோதான் அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நிபந்தனை இருந்தாலும் அது கட்டற்ற அதிகாரம் இல்லை. உண்மையான தேவை இல்லாமல், ஆளை விரட்டுவதற்கென்றே போடும் இடமாற்றத்தில் நீதிமன்றம் தலையிடும். ஆனால் அதை நிரூபிப்பது உங்கள் பொறுப்பு, லேசான காரியம் அல்ல. மாமியாரின் டயாலிசிஸும் மகளின் பள்ளியும் பேச்சுவார்த்தையில் எடுபடும். வழக்கில் அவை மட்டும் நிற்காது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. உங்கள் வேலையைக் கற்றுக்கொண்ட இருவர் ஏற்கெனவே ஹைதராபாத்தில் இருக்கிறார்கள். அப்படியானால் அங்கே உங்களுக்கென்று நாற்காலி இருக்கிறதா? எந்தக் குழு, எந்த மேலாளர், என்ன வேலை? இதற்கு அவர்களால் எழுத்தில் பதில் சொல்ல முடியவில்லை என்றால், இடமாற்றம் என்பது பேருக்குத்தான் என்று வாதாட உங்களுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. பதில் வந்துவிட்டால், போவதா வேண்டாமா என்று யோசிக்க அது உதவும். வீட்டைப் பிரித்துக்கொண்டு போய் ஆறு மாதத்தில் ‘பெஞ்சில்’, அதாவது கையில் வேலை இல்லாமல், உட்காருவது, இங்கேயே வேலை போவதைவிட மோசம்.

அந்த 1,72,000

ஹெச்.ஆர். சொன்ன தொகையைப் பிரித்துப் பார்ப்போம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 26,000. மார்ச் முடிவில் சர்வீஸ் ஏழு வருடம் ஒன்பது மாதம். ஆறு மாதத்துக்கு மேல் போனால் முழு வருடமாகக் கணக்கிடுவார்கள், ஆக எட்டு. கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்பது இந்த அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடங்களால் பெருக்குவது. உங்களுக்கு 15,000 பெருக்கல் 8, அதாவது 1,20,000. ஐந்து வருடம் தாண்டியவர் ராஜினாமா செய்தாலும் இது அவர் பணம், 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். மீதி என்ன? சரியாக 52,000. ஒரு மாதச் சம்பளம். உங்கள் பணத்தையே உங்களுக்குக் காட்டி, மேலே ஒரு மாதச் சம்பளத்தை வைத்து எட்டு வருடத்தை முடிக்கப் பார்க்கிறார்கள்.

ஆபீஸை மூடிவிட்டு ஆளையும் நிறுத்துவதாகக் கம்பெனி தன் வாயால் சொன்னால் கணக்கு மாறுகிறது. சட்டத்தில் ‘மூடல்’ என்பதற்கு வேலை இடத்தையோ அதன் ஒரு பகுதியையோ நிரந்தரமாக மூடுவது என்றுதான் விளக்கம். 50 பேருக்குக் குறைவாக இருப்பதால் அரசுக்கு 60 நாள் முன்னறிவிப்பு கொடுக்கும் கடமை அவர்களுக்கு இருக்காது. ஆனால் இழப்பீடு உண்டு: ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அதோடு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம். எதைச் சம்பளமாக எடுப்பது என்பதில் தகராறு வரும். அடிப்படையை மட்டும் எடுத்தால் 1,04,000, மொத்தத்தையும் எடுத்தால் 2,08,000. ஆட்குறைப்பு என்று முடிவானால் புதிய தொழில் உறவுச் சட்டப்படி, வேலை இழந்தவர் புதுத் திறன் கற்பதற்கான மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளமும் வர வேண்டும். இவை எல்லாம் கிராஜுவிட்டிக்கு மேலே.

இந்த வித்தியாசம் முழுக்க, வேலையை முடித்தது யார் என்ற ஒரே விஷயத்தில் நிற்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்தால் நீங்கள். அதனால்தான் ஹெச்.ஆர். அவ்வளவு இனிமையாகப் பேசுகிறார்.

‘கருதப்படும்’ என்ற சொல்லுக்கும் அவர்கள் நினைக்கும் பலம் இல்லை. இத்தனை நாள் வராவிட்டால் வேலை தானாகப் போய்விடும் என்ற விதியை வைத்து ஒருவரை நீக்கிய வழக்கு, டி.கே. யாதவ் வழக்கு. விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல், விசாரணை இல்லாமல் அப்படி நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. ஆகவே ஏப்ரல் 2-ஆம் தேதி காலையில் நீங்கள் ‘ராஜினாமா செய்தவர்’ ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் விசாரணை நடத்தி, இடமாற்ற உத்தரவை மீறினார் என்று நீக்க அவர்களால் முடியும். அந்த அபாயத்தை மறைக்க நான் விரும்பவில்லை.

ஐ.டி.க்குச் சட்டம் கிடையாதா

இது டீக்கடைச் சட்டம். ஐ.டி. ஊழியர்களுக்கும் தொழிலாளர் சட்டம் பொருந்தும், சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழில் தகராறுச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ‘இவ்வளவு சம்பளம் வாங்குபவர் தொழிலாளியா’ என்ற கேள்வியும் தவறு. சம்பளத்தை வைத்து அல்ல, செய்யும் வேலையை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள். மேற்பார்வை வேலை செய்பவருக்கு மட்டும்தான் 18,000 ரூபாய் என்ற எல்லை.

உங்கள் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் வரலாம். பதவி ‘டீம் கோஆர்டினேட்டர்’. அந்தப் பெயர் பரவாயில்லை. யாருக்காவது லீவு சாங்ஷன் செய்கிறீர்களா, அப்ரைசல் போடுகிறீர்களா, தண்டிக்க முடியுமா? இல்லை, கிளைமைப் பார்ப்பதுதான் நாள் முழுக்க வேலை என்றால் நீங்கள் தொழிலாளிதான். அதையும் மறுத்தார்கள் என்றால் இன்னொரு கதவு இருக்கிறது: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நிர்வாகப் பதவியில் இல்லாத, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த யாரையும் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்க முடியாது என்கிறது அதன் 41-ஆம் பிரிவு. நீக்க உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். இந்த 30 நாளைத் தவறவிட்டு வருபவர்கள்தான் என்னிடம் அதிகம். தொழில் உறவுச் சட்டப்படி சமரச அதிகாரியிடம் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு என்றாலும், அதுவரை காத்திருக்கக் காரணம் இல்லை.

‘நான் கோவை ஊழியர்’ என்று காட்ட ஒரு சின்னச் சான்று: சம்பளச் சீட்டில் தொழில் வரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும். தெலங்கானாவில் உங்கள் சம்பளத்துக்கு மாதம் 200 ரூபாய். திடீரென்று மாதாமாதம் 200 பிடித்தம் வர ஆரம்பித்தால், தாளில் உங்களை ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே எழுதிக் கேளுங்கள்.

இனி செய்ய வேண்டியவை

இன்றே நியமன உத்தரவு, 2022 மெயில், சம்பளச் சீட்டுகள், படிவம் 16, இந்த மூடல் அறிவிப்பு, போர்ட்டல் திரையின் படம் எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். கிளைம் விவரமோ வாடிக்கையாளர் கோப்போ ஒன்றுகூட உங்கள் சொந்த மெயிலுக்குப் போகக் கூடாது. அது நிஜமான ஒழுங்கீனம், அவர்களுக்கு வேறு காரணமே தேவைப்படாது. ஹெச்.ஆர். போனில் பேசினால், பேசி முடித்த பத்து நிமிடத்தில் ‘இன்று நீங்கள் சொன்னது இது’ என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்த மெயில். உங்கள் ஆபீஸ் ஆங்கிலத்தில் எழுதுங்கள், சாரம் இது:

‘நான் ராஜினாமா செய்யவில்லை, செய்யும் எண்ணமும் இல்லை. போர்ட்டலில் உள்ள இரண்டு தேர்வும் என் நிலையைச் சொல்லாததால் மெயிலில் எழுதுகிறேன். ஹைதராபாத்தில் என் பணி, குழு, மேலாளர், சம்பளம், இடம்பெயரும் செலவு ஆகியவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். குடும்பத்தில் தொடர் சிகிச்சை நடப்பதால், இப்போது போல வீட்டிலிருந்து தொடரவும் மாதம் ஒரு வாரம் ஹைதராபாத் வரவும் தயாராக இருக்கிறேன். அது முடியாது என்றால், கோவை ஆபீஸ் மூடப்படுவதால் சட்டப்படி எனக்குச் சேர வேண்டியதை எழுத்தில் தெரிவியுங்கள்.’

அழுவதும் வேண்டாம், மிரட்டுவதும் வேண்டாம். இந்த மெயில் ஒன்றே கொஞ்சம் பேரம் பேச இடம் கொடுக்கும். மற்ற நாற்பது பேரில் பத்துப் பேர் இதே மெயிலைப் போட்டால் இன்னும் கொஞ்சம்.

என்னைக் கேட்டால் உங்கள் நிலையில் வழக்கு கடைசி வழி. கோவை தொழிலாளர் நீதிமன்றத்தில் வருடங்கள் ஓடும், அதுவரை சம்பளம் வராது. பேசி, ‘கிளை மூடப்பட்டதால் பணி முடிவு’ என்று எழுதிய கடிதமும், கிராஜுவிட்டி போக நான்கைந்து மாதச் சம்பளமும் வாங்கிக்கொண்டு வருவது நடக்கக்கூடிய நல்ல முடிவு. புதிய கம்பெனியில் பின்னணி விசாரிப்பவர்களுக்கும் ‘கிளை மூடியது’ என்ற காரணத்தில் குறை காண ஒன்றும் இருக்காது. ரெக்கார்டு கெட்டுவிடும் என்பது பூச்சாண்டி.

ஹைதராபாத் போவதாக முடிவு செய்தால் அதுவும் தப்பில்லை. குறைந்தது ஒரு வருடம் மறுபடி இடமாற்றமோ ஆட்குறைப்போ இல்லை என்று எழுதி வாங்கப் பாருங்கள். முழுசாகத் தர மாட்டார்கள், கேட்பதில் நஷ்டமில்லை. முதல் மூன்று மாதம் குடும்பத்தை இங்கேயே விட்டுவிட்டுத் தனியாகப் போய்ப் பாருங்கள். நீங்கள், உங்கள் கணவர் இருவருடைய பி.எஃப். கணக்கையும் சேர்த்துப் பார்த்தபின் முடிவெடுங்கள். எந்த வழியில் போனாலும் உங்கள் பி.எஃப்.பை எடுத்துவிடாதீர்கள். பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும், எட்டு ஆகப்போகிறது.

வக்கீல் ஃபீஸ் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணில் போனிலும் கேட்கலாம். மேலே சொன்ன காகிதங்களை ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், நியமன உத்தரவு மேலே இருக்கட்டும். போர்ட்டல் இந்த மாதம் 25-ஆம் தேதி மூடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மெயில் அதற்கு முன்பே போய்விட வேண்டும், போனதும் உங்கள் சொந்த மெயிலுக்கும் அந்தக் கடிதத்தின் ஒரு நகல்.